மேற்குச் சுவருக்கு எந்தக் கொடி: கொடிரோஸா, முல்லையா, சங்குப்பூவா, கோவையா, காகிதப்பூவா?

மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் எனக்கு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "காட்பாடியில் புது வீடு கட்டியிருக்கிறோம், மேற்குப் பக்கம் மரம் எதுவும் இல்லை, மத்தியானத்துக்கு மேல் சுவர் கொதிக்கிறது, சீக்கிரம் படர்கிற மாதிரி ஒரு பூக்கொடி சொல்லுங்களேன்." குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஆற்காட்டிலிருந்து இரண்டு பேர், சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு அம்மா என்று இந்த வருஷம் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் கேள்வியிலேயே பதிலையும் வைத்திருந்தார்கள்: கொடிரோஸ் வைக்கலாமா? ஒரு வீட்டில் பார்த்தோம், கொத்துக் கொத்தாக ரோஸ் கலரில் பூ, தண்ணீரே ஊற்றுவதில்லையாம்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் பூத்துக்கொண்டே இருக்கிற ஒரு கொடி, உங்கள் சுவரில் எப்படி வளருமோ அப்படியேதான் பக்கத்துக் காலி மனையிலும் ஓடைக் கரையிலும் ஏரிக் கால்வாயிலும் வளரும். அங்கேயும் அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நமக்கு வசதியாக இருக்கிற குணமும் அதைக் களையாக்குகிற குணமும் வேறு வேறு இல்லை, ஒன்றேதான். இதை எங்கள் வீட்டுக் கொடியோடு ஆறு வருஷம் மல்லுக்கு நின்று தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்த ஆறு வருஷத்தைச் செலவழிக்க வேண்டாம்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யணும்

முதல் விஷயம் வெயிலும் தண்ணீரும். வேலூர் மே மாதத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், சுற்றிலும் பாறைக் குன்றுகள், ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடும். போரில் தண்ணீர் இறங்குவதும் அதே மாதத்தில்தான். அக்னி நட்சத்திரத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை குடம் தூக்க உங்களால் முடியும் என்று யோசியுங்கள்.

அடுத்தது, எதைப் பிடித்து ஏறுகிறது என்பது. எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. சங்குப்பூ தன் தண்டையே கம்பியில் சுற்றிக்கொண்டு போகும். கோவையும் கொடிரோஸும் சுருள் விட்டுப் பிடிக்கும். முல்லையும் காகிதப்பூவும் பிடிப்பதே இல்லை, சாய்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வெறும் சிமெண்ட் பூச்சுச் சுவரில் இவை எதுவுமே தானாக ஏறாது, கம்பியோ வலையோ அடித்தே ஆகணும். கொடி வாங்க 50 ரூபாய், கம்பி வலைக்கு 5,000 ரூபாய் என்பதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் என் கணக்கில் முதலாவதாக வர வேண்டியது. உங்கள் வேலியை விட்டு அது எப்படி வெளியே போகும்? விதை தெறித்தா, பறவை தின்றா, மழைத் தண்ணீரில் மிதந்தா, வெட்டி எறிந்த துண்டு வேர் விட்டா? அதோடு சேர்ந்த கேள்வி, நாளைக்கு வேண்டாம் என்றால் எப்படி ஒழிப்பது? வீட்டை விற்கலாம், சுவரை இடிக்கலாம், உடம்பு முடியாமல் போகலாம். வைக்கும்போது எடுப்பதைப் பற்றி நர்சரியில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

அப்புறம், பூ, காய், தேனீ, ஆட்டுக்குத் தழை என்று யாருக்காவது அதனால் ஒரு பயன் இருக்கிறதா என்பது.

## கொடிரோஸ்

இதன் சொந்த ஊர் மெக்சிகோ. தாவரப் பெயர் ஆன்டிகோனான் லெப்டோபஸ். ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, நிறத்தை வைத்து வந்த பெயர். அழகுக்காகத்தான் உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள், அழகில் எந்தக் குறையும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பூங்கொத்தைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். பூக்கள் முடிகிற இடத்தில் காம்பு நின்றுவிடாது. இரண்டு மூன்று மெல்லிய சுருளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். அதாவது இந்தக் கொடி தன் பூங்கொத்தாலேயே பிடித்து ஏறுகிறது. பூக்கப் பூக்க மேலே போகும், மேலே போகப் போகப் பூக்கும். பத்து மீட்டர் உயரம் அதற்கு ஒன்றுமே இல்லை. பூவில் இதழ் மாதிரித் தெரிவது ஐந்து, மூன்று பெரிது, இரண்டு சிறிது. மற்ற பூக்கள் மாதிரி அவை உதிர்வதில்லை. காய்ந்து, தாள் மாதிரியாகி, உள்ளே இருக்கிற, மூன்று பட்டை உள்ள ஒற்றை விதையைப் பொதிந்துகொள்ளும். ஒரு கைப்பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் மிதந்துகொண்டிருந்தன.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் போய் நின்றால் கொடி முழுக்க ரீங்காரம், கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ இரண்டும் வரும். மற்ற பூக்கள் வாடிக் கிடக்கிற மாதத்திலும் இதில் தேன் இருக்கும். நான் இதை வைத்ததற்கு ஒரு காரணம் அதுதான்.

இனி நடந்தது. கம்பி வேலி ஓரமாக இரண்டே இரண்டு செடி வைத்தேன். முதல் வருஷம் வேலியை மூடியது, வருகிறவர்கள் எல்லாம் நின்று போட்டோ எடுத்தார்கள். இரண்டாவது வருஷம் நாரத்தை மரத்தின் மேல் ஏறியது. மூன்றாவது வருஷம் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, உங்க கொடி எங்க முருங்கையைத் தின்னுதுப்பா" என்றார். போய்ப் பார்த்தால் முருங்கைக் கிளையே தெரியவில்லை, மேலே ஒரு ரோஸ் கலர் போர்வை, உள்ளே இலை உதிர்ந்த குச்சிகள். முருங்கைக்கு அந்தப் பாரம் தாங்காது, ஆடிக் காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து அவர்கள் மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. நல்ல வேளையாக மாடு வெளியே கட்டியிருந்தது. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடியோடு வெட்டினேன். இருபது நாளில் ஏழு இடத்தில் தளிர். திரும்ப வெட்டினேன், திரும்ப வந்தது. அப்புறம்தான் ஆள் வைத்துத் தோண்டினோம். இரண்டு ஆள், இரண்டு நாள். கடப்பாரை இறங்க இறங்க மண்ணுக்குள் கிழங்கு, ஒன்றையொன்று நரம்பால் கோத்த மாதிரி, சேப்பங்கிழங்கு அளவிலிருந்து நல்ல சர்க்கரைவள்ளி அளவு வரை. வைத்தது இரண்டு செடி, எடுத்தது ஒன்றரைச் சாக்கு. கோடையில் தண்ணீர் இல்லாமல் அது ஏன் சாகவில்லை என்பதற்கான பதில் அந்தச் சாக்கில் இருந்தது. மேலே இருப்பதை நாம் வெட்டுகிறோம், கீழே அது சேமித்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

மற்ற ஊர்களில் என்ன ஆகியிருக்கிறது என்று தேடினேன். கரீபியன் கடலில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்றொரு தீவு, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். அங்கே தோட்டத்துக்குக் கொண்டு வந்த இந்தக் கொடி, விவசாயம் நின்றுபோன நிலங்களையும் சாலையோரங்களையும் மூடிவிட்டது. குவாம் தீவில் களை. அமெரிக்காவின் புளோரிடாவில் ஊடுருவும் தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான்: வேலிக்கு வந்தது, கைவிட்ட நிலத்துக்குப் போனது. நம் பக்கம் கைவிட்ட நிலத்துக்கா பஞ்சம்? பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டுப் பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத மனைகள் ராணிப்பேட்டை வரைக்கும் வரிசையாகக் கிடக்கின்றன.

ஜவ்வாது மலைக்குள் புகுந்து காட்டை அழித்துவிட்டது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் நமக்கு முன்னனுபவம் இருக்கிறது. சீமைக்கருவேலத்தை 1870களில் விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும் நல்லது என்று கொண்டு வந்தார்கள். சில ஊர்களில் அதற்கு வேலிக்காத்தான் என்றே பெயர். இப்போது பாலாற்று மணலில் நின்றுகொண்டு அது எதைக் காக்கிறது? நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நல்லது என்று நட்டார்கள், இன்று ஏரிகளிலும் வரத்துக் கால்வாய்களிலும் ஆளுயரத்துக்கு நின்று தண்ணீரை மறிக்கிறது. 2022இல் தமிழக அரசு ஊடுருவும் அந்நியத் தாவரங்களுக்கென்றே தனியாக ஒரு கொள்கை வெளியிட வேண்டியதாயிற்று. வந்த பிறகு எடுக்கிற செலவு அரசாங்கத்துக்கே தாங்கவில்லை என்றால் நம் மாதிரி ஆட்களுக்கு எப்படித் தாங்கும்?

மிதக்கிற விதை என்று சொன்னேன் அல்லவா, 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பொன்னையாறு, கவுண்டன்ய நதி என்று எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் ஓடிய மாதம் அது. கரையோர வீட்டு வேலி ஒன்றில் இந்தக் கொடி இருந்திருந்தால் விதை எவ்வளவு தூரம் போயிருக்கும்?

எப்போது வைக்கலாம்: சுற்றிலும் சிமெண்ட் தளம் உள்ள மொட்டை மாடியில், அடி ஓட்டை வழியாக வேர் மண்ணைத் தொடாத பெரிய தொட்டியில், தேனீப் பெட்டி வைத்திருப்பவர், பூ காயத் தொடங்கியதும் கொத்துகளை வெட்டி எடுத்துவிடுவேன் என்று உறுதியாக இருப்பவர் வைக்கலாம். மற்றபடி தரையில் வேண்டாம். ஓடை, கால்வாய், ஏரி பக்கத்தில் இருந்தால் தொட்டியிலும் வேண்டாம்.

## இன்னும் இரண்டு கொடி, சுருக்கமாக

ரயில்வே கொடி என்று ஒன்று நர்சரிகளில் கிடைக்கும், ஐந்து விரல் விரித்த மாதிரி இலை, புனல் வடிவ ஊதாப் பூ, நெய்வேலிக் காட்டாமணக்குக்குப் பங்காளி. கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும், வெட்டி எறிந்த துண்டும் பிழைத்துக்கொள்ளும். இதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை, வேண்டாம்.

இன்னொன்று ரப்பர் கொடி. பெரிய இளம் ஊதாப் பூ, பளபளப்பான தடித்த இலை, ஒடித்தால் பால். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் அழகுக்கென்று போய், ஆற்றோர மரங்களை எல்லாம் மூடி, அந்த நாட்டின் மிக மோசமான களைகளில் ஒன்றாகி, கடைசியில் அதை அடக்க 1995இல் மடகாஸ்கரிலிருந்தே ஒரு துரு நோய்ப் பூஞ்சையைக் கொண்டு வந்து விட்டார்கள். பாலில் விஷம் உண்டு, ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுப் பக்கமே கொண்டு வராதீர்கள். விதையில் பஞ்சு இருக்கும், காற்றே கொண்டு போய்விடும்.

## முல்லை

முல்லைக்குப் பாரி தேர் கொடுத்த கதையை எல்லாரும் வள்ளல் தன்மைக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு தோட்டக்காரச் செய்தியும் தெரிகிறது. முல்லைக்குச் சுருள் கிடையாது, சுற்றி ஏறவும் தெரியாது, கொழுகொம்பு கொடுத்தால்தான் நிமிரும். அதனால்தான் அது களையாவதும் இல்லை. நாம் வைத்த இடத்தை விட்டுத் தானாக ஊர் சுற்றப் போகாது, பெருக்கணும் என்றால் நாமே பதியம் போடணும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் உழைப்பில். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். தை மாதக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணினால்தான் பூ நன்றாக வரும். அப்படிப் பண்ணினால் மாசி, பங்குனி இரண்டு மாதமும் உங்கள் வேலி மொட்டையாக நிற்கும், சரியாக வெயில் ஏறுகிற நேரம் பார்த்து. மறைப்புக்காக வைக்கிறவர்கள் இதை யோசிக்கணும். இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டின மாதிரி வந்தால் அது சிலந்திப் பேன், அந்தக் குச்சிகளை உடனே வெட்டி எரித்துவிடணும். மூடுவதற்கு இரண்டு வருஷமாவது ஆகும்.

கிடைப்பது என்னவென்று சொல்லவே வேண்டாம். நேதாஜி மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் முழம் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் மொட்டுப் பறிக்க வீட்டில் ஒருவர் இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், முல்லைதான்.

## சங்குப்பூ

வாடகை வீட்டுக்காரர்களுக்கு என் பதில் எப்போதும் இதுதான். நாலு விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் இரண்டு மாதத்தில் பூ. நீலமோ வெள்ளையோ, பூஜைக்கு ஆகும், பால்கனிக் கம்பியிலேயே ஏறிக்கொள்ளும், கனமில்லாத கொடி, எதையும் முறிக்காது. அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது செய்துவிட்டுப் போகும்.

காய்ந்த காய் வெடித்து விதை தெறிக்கும், அதனால் அக்கம்பக்கம் முளைக்கத்தான் செய்யும். ஆனால் பெரிய கிழங்கு கிடையாது, கையால் பிடுங்கினால் வந்துவிடும், பிடுங்கியதை ஆட்டுக்குப் போட்டால் ஒரு இலை மிச்சம் வைக்காது. எங்கள் தெருவில் தப்பித்து முளைத்த சங்குப்பூ ஒன்றுகூட ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை.

குறை என்னவென்றால் நிழல் தராது. மூன்று மீட்டருக்கு மேல் பெரிதாகப் போகாது, மே மாதத்தில் கீழ் இலை உதிர்ந்து குச்சி தெரியும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புது விதை போடணும். மேற்குச் சுவர்ச் சூட்டைக் குறைக்க இதை நம்ப வேண்டாம்.

## கோவை

இதைச் சொன்னதும் "அது காட்டில் கிடப்பதாச்சே" என்பார்கள். ஆமாம், இங்கே அது காட்டில் கிடப்பதுதான், இந்த மண்ணுக்குச் சொந்தக்காரன். வெள்ளைப் பூ, பச்சைக் காய், பழுத்தால் அந்தச் சிவப்பு, கிளி வந்து கொத்தும், பொரியலுக்கு ஆகும். காய்க்கு வைப்பதென்றால் பெண் கொடியிலிருந்து வெட்டிய முற்றின தண்டாகக் கேட்டு வாங்குங்கள், ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு, விதையில் எது வரும் என்று சொல்ல முடியாது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஒரு விஷயம் இருக்கிறது. நம் கோவை ஹவாய்த் தீவுகளில் களை. அங்கே போன இடத்தில் மரங்களையும் மின் கம்பங்களையும் வேலிகளையும் மூடி, 1996இல் கென்யாவிலிருந்து தண்டு துளைக்கிற ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டு வந்து விடுகிற அளவுக்குப் போயிற்று. இதே கொடி நம் வேலியில் ஆயிரம் வருஷமாகப் படர்ந்தும் நம்மை மூடவில்லையே, ஏன்? இங்கே அதைத் தின்ன வண்டு இருக்கிறது, புழு இருக்கிறது, தண்டு துளைப்பான் இருக்கிறது, ஆடு இருக்கிறது, பறித்துச் சமைக்க நாம் இருக்கிறோம். அங்கே அதைத் தொட யாரும் இல்லை. கொடிரோஸுக்கு இங்கே இருக்கிற நிலைமை, கோவைக்கு அங்கே. செடி கெட்டது என்று ஒன்றும் இல்லை, அதைத் தடுக்கிற ஆள் ஊரில் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. தோசைக்கு அரைக்கிற முடக்கத்தான்கூட வெளிநாட்டு வயல்களில் களைதான்.

கோவைக்கும் வேரில் கிழங்கு உண்டு, முழுக்க எடுப்பது சுலபம் இல்லை. சின்ன முற்றத்தில் வைத்தால் மாதம் ஒரு முறை வெட்டித்தான் ஆகணும். காய் பறிக்காமல் விட்டால் பழ ஈ வரும், கீழே பழம் விழுந்து எறும்பு மொய்க்கும். வீட்டில் கோவைக்காய் யாருக்கும் பிடிக்காது என்றால் இதை வைக்காதீர்கள்.

## காகிதப்பூ

இதுவும் வெளிநாடுதான், தென் அமெரிக்கா. ஆனால் நம் வீடுகளில் இருக்கிற ரகங்கள் அநேகமாக விதை வைப்பதில்லை, மண்ணுக்குள் கிழங்கும் இல்லை, தண்டை வெட்டி நட்டால்தான் புதுச் செடி. வெளிநாட்டுச் செடி என்றாலே களை என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். வெயில் எவ்வளவு அடித்தாலும் நிற்கும், தண்ணீரை அதிகம் ஊற்றினால் இலையாகப் போகும், காயப் போட்டால் பூக்கும். நிறமாகத் தெரிவது பூ இல்லை, பூவைச் சுற்றி இருக்கிற இலை. உண்மையான பூ நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருக்கும்.

முள்தான் பிரச்சினை, சாதாரண முள் இல்லை. வெட்டிய கிளையைத் தெருவில் போட்டால் யாருடைய சைக்கிள் டயரையாவது பார்த்துவிடும், குப்பை வண்டிக்காரர்கள் வாங்கமாட்டார்கள். கனமான கொடி, சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும், இரும்புச் சட்டம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வாசலில் வைக்காதீர்கள்.

ரங்கூன் மல்லியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து மறுநாள் ரோஸ் ஆகி அப்புறம் சிவப்பாகிற அதே கொடிதான், வாசனைக்கு ஈடில்லை. ஆனால் வேரிலிருந்து பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். பெரிய தோட்டம், நடுவில் ஒரு வளைவு என்றால் சரி.

## ஒரே பார்வையில்

| கொடி | மே மாதத் தண்ணீர் | மூட ஆகும் காலம் | வெளியே போகும் வழி | வேண்டாம் என்றால் எடுப்பது |
|---|---|---|---|---|
| கொடிரோஸ் | தேவையே இல்லை | ஒரு வருஷம் | மிதக்கும் விதை, கிழங்கு | வருஷக்கணக்கில் |
| முல்லை | ஒரு நாள் விட்டு ஒரு நாள் | இரண்டு வருஷம் | இல்லை | அரை நாள் |
| சங்குப்பூ | வாரம் இரண்டு முறை | மூன்று மாதம், லேசாக | தெறிக்கும் விதை | கையால் பிடுங்கலாம் |
| கோவை | வாரம் மூன்று முறை | ஆறு மாதம் | பறவை, ஆனால் இங்கே தடுக்க ஆள் உண்டு | சில மாதம் |
| காகிதப்பூ | வாரம் ஒரு முறை | ஒன்றரை வருஷம் | அநேகமாக இல்லை | ஒரு நாள், கையுறையோடு |

காலக் கணக்கெல்லாம் எங்கள் வீட்டுச் செம்மண்ணிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் பார்த்தது, களிமண் உள்ள இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

## அப்போ யாருக்கு எது

காட்பாடிப் புது வீட்டுக்காரருக்கு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புச் சட்டம் போட முடிந்தால் காகிதப்பூ. அந்த ஒரு சாண் இடைவெளியில் காற்று ஓடுவதுதான் சுவரைக் குளிரவைக்கும். வீட்டில் குழந்தை இருக்கிறது, முள் வேண்டாம் என்றால் அதே சட்டத்தில் கோவையை ஏற்றுங்கள், சீக்கிரம் மூடும், காயும் கிடைக்கும். சத்துவாச்சாரி அம்மாவுக்குச் சங்குப்பூ, வேறு யோசனையே வேண்டாம். குடியாத்தத்துக்காரர் வீடு நதிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்று எழுதியிருந்தார். ஐயா, உங்களுக்கு மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், கொடிரோஸ் வேண்டாம், முல்லை வையுங்கள், போர்த் தண்ணீர் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

நடுவதற்கு ஆடி வரை பொறுங்கள். இப்போது நட்டால் பாதி செடி கருகும், ஆடி மழையில் வைத்தது ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும்.

## ஏற்கெனவே கொடிரோஸ் வைத்துவிட்டவர்களுக்கு

மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் நான் யோசித்து இரண்டைச் செய்து பார்த்தேன்.

தோண்டி எடுப்பது வேகமான வழி. செடி வைத்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது, இடம் திறந்த மண் என்றால் இதுதான் சரி. மழை பெய்து மண் இளகியிருக்கிற மறுநாள் ஆரம்பியுங்கள். ஆளுக்குக் கூலி கொடுப்பதோடு நீங்களும் கூடவே உட்கார்ந்து மண்ணைச் சலிக்கணும், கட்டைவிரல் அளவுக் கிழங்கு தங்கினாலும் திரும்ப வரும். எடுத்த கிழங்கைக் குப்பை மேட்டிலோ கால்வாயிலோ போட்டால் நீங்கள் செய்தது ஒழிப்பு இல்லை, நடவு. நான் மொட்டை மாடியில் தகரத்தின் மேல் பரப்பி, மே மாத வெயிலில் ஒரு மாதம் விட்டேன், சுருங்கிக் கட்டையான பிறகு அடுப்பில் போட்டேன்.

வெட்டிப் பட்டினி போடுவது மெதுவான வழி. சுவர் அஸ்திவாரத்துக்குள்ளோ மரத்தின் வேருக்குள்ளோ கிழங்கு போய்விட்டது, தோண்ட முடியாது என்றால் இது மட்டும்தான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தளிர் நாலு இலை விடுவதற்கு முன்னால் கிள்ளிக்கொண்டே இருக்கணும். இலை இல்லாமல் கிழங்குக்குச் சேமிப்பு ஏறாது, இருப்பதைச் செலவழித்துத்தான் தளிர் விடணும். காசு ஆகாது, ஆனால் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். எனக்கு இதில் மட்டும் மூன்று வருஷம் ஆயிற்று.

களைக்கொல்லி மூன்றாவது. வெளிநாடுகளில் வெட்டிய தண்டில் மருந்து தடவுகிறார்கள். பெரிய நிலத்தில், விவரம் தெரிந்த ஆள் கையால் செய்தால் அதற்கு ஒரு இடம் இருக்கலாம். வீட்டில், கிணற்றுக்கோ போருக்கோ பக்கத்தில், தேனீ மொய்த்துக்கொண்டிருக்கிற ஒரு கொடியின் மேல் மருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

இதில் எதையும் இந்த வருஷம் செய்ய முடியாது என்றால்கூட ஒன்று மட்டும் செய்யுங்கள். புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், காய்ந்து பழுப்பாகிப்போன கொத்துகளை எல்லாம் வெட்டிச் சாக்கில் கட்டி எரித்துவிடுங்கள், முதலில் கால்வாய்ப் பக்கம் தொங்குகிறவற்றை. ஒரு ஏணியும் ஒரு அரிவாளும் அரை நாளும் போதும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இந்த வருஷம் முருங்கையில் நாலு புதுக் கிளை விட்டிருக்கிறது என்று காட்டினார். நாரத்தை அடியில் போன வாரமும் ஒரு தளிர் வந்திருந்தது, கிள்ளினேன்.